வார்னிஷ் காயாத அலமாரி

பைன் மரச்சாமான் கடைக்காரன் அந்தத் துணி அலமாரியின் கதவைத் திறந்து மூடிக் காட்டினான். வார்னிஷ் காணாத பச்சை மரம். கணுக்களில் பிசின் மினுங்கியது.

"ஒரு ஞாயித்துக்கிழமை போதும்மா. வீட்டுக்காரர் கையில உப்புத்தாளைக் குடுத்துட்டு நீங்க பாட்டுக்கு மாத்தே டீ குடிச்சிட்டு உக்காருங்க."

"அவர் நல்லா செய்வார்" என்றாள் சுல்மா.

அவள் கணவன் ரூபேன் மார்ச் மாதமே அவளை விட்டு நெயூகேன் நகரத்துக்குப் போய்விட்டான். போகும்போது அவன் அம்மா தந்த அலமாரியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான். அன்றிலிருந்து சுல்மாவின் துணிகள் பைகளில்தான் கிடந்தன. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் தன்னோடு வேலை செய்பவர்களிடமும் அவள் எதுவும் சொல்லவில்லை. யாராவது ரூபேனை விசாரித்தால், "இருக்கார்" என்பாள்.

வண்டிக்காரர்கள் அலமாரியை முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். வேலை முடிந்து வந்த மாலைகளில் அதை உப்புத்தாளால் தேய்த்தாள். மரத்தின் நார் போகும் திசையில்தான் தேய்க்க வேண்டும் என்பது கீறல் விழுந்த பிறகுதான் புரிந்தது. மரத்தூள் புருவத்திலும் நாக்கிலும் ஒட்டியது. தேய்க்கிற சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

சனிக்கிழமை கடைசிப் பூச்சு அடித்துப் பிரஷைக் கழுவும்போது வானம் மண் நிறமாயிற்று. பாயியா பிளாங்கா நகரத்துக்கே உரிய காற்று முற்றத்துத் துணிக்கொடியை அறுத்துக்கொண்டு போனது. முதல் துளிகள் விழுந்தன. அலமாரியைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. மாடிக்கு ஓடிக் கதவைத் தட்டினாள். அவள் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலே தரையில் தடியால் இடிக்கும் கிழவர் எவரிஸ்தோ எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, முற்றத்துல தச்சுப் பட்டறை போட்டாச்சா? நாலு நாளா மூக்கு எரியுது."

"ஐயா, திட்டுறதை அப்புறம் திட்டுங்க. ஒரு கை பிடிங்க."

முனகிக்கொண்டே செருப்போடு இறங்கி வந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சாய்த்து, வாசற்படியில் இடித்து, ஒருவழியாக உள்ளே கொண்டு வந்தார்கள். நான்கு உள்ளங்கைகளிலும் வார்னிஷ். அவர் மூச்சு வாங்கினார்.

"இந்த வயசுல என்னைத் தூக்க வைக்கிறியே! உன் ஆளு எங்க?"

"போயிட்டார்."

"எங்க, கடைக்கா?"

"இல்ல ஐயா. போயே போயிட்டார். மார்ச்லயே."

இந்தச் சொல்லை வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வார்னிஷைத் துடைக்கத் தின்னர் இருக்கா?" என்றார் பிறகு. துணியில் ஊற்றித் தந்தாள். விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு மாடியேறினார்.

மறுநாள் விடிந்ததுமே, கைத்தடங்கள் பதிந்த இடங்களைத் தேய்த்து மறுபடி பூசினாள். மாலையில் எவரிஸ்தோ இறங்கி வந்து பார்ப்பார் என்று மாத்தேக்குத் தண்ணீர் சுட வைத்தாள். வரவில்லை. தண்ணீர் ஆறியது. மீண்டும் சுட வைத்து, ஃபிளாஸ்கோடு தானே மேலே போனாள்.

கதவு சங்கிலி அளவுக்குத்தான் திறந்தது.

"காஞ்சுதா?"

"காஞ்சிடுச்சு."

"நல்லது. இனிமே வானத்தைப் பாத்துட்டு அடி." ஃபிளாஸ்கைப் பார்த்தார். "எனக்கு வயித்துப் புண்ணு. மாத்தே ஆகாது."

கதவு சாத்திக்கொண்டது. சுல்மா கீழே வந்து, தனக்கு மட்டும் ஊற்றிக் குடித்தாள். பிறகு பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து உடைகளை அலமாரியில் தொங்கவிடத் தொடங்கினாள்.