வலது காலுக்கு வைத்தியம்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயிற்சி வண்டியில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மற்றவர் பிள்ளைகள் ஓட்டும்போது நான் அதைத் தொடுவதே அபூர்வம். எதிரே லாரி வந்தாலும் கொட்டாவி விடுவேன். டிரைவிங் பள்ளியில் எனக்குக் கல்லு என்று பெயர். அதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

என் மகள் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் கல்லு கரைந்துவிடும். அவள் பழகியது எங்கள் வீட்டுக் காரில். அதில் என் பக்கம் பிரேக் கிடையாது. இது எனக்குத் தெரியும், என் வலது காலுக்குத் தெரியாது. தெருமுனையில் ஒரு சைக்கிள் தெரிந்தால் போதும், வெறும் தரையை ஓங்கி மிதிக்கும். மிதித்து மிதித்துக் கால்மிதியே கிழிந்து அடித்தகரம் தெரிகிறது.

மகள் பிசியோதெரபி படித்தவள். நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. லைசென்ஸ் இல்லாமல் சேர முடியாது. அவளோ இரண்டு முறை தேர்வில் கோட்டை விட்டுவிட்டாள். காலியான ரோட்டில் காரணமே இல்லாமல் பிரேக் போடுகிறாள் என்று இரண்டு முறையும் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். மூன்றாவது முறையும் போனால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். வாத்தியார் மகளே ஃபெயிலா என்று டிரைவிங் பள்ளியில் யாரும் கேலிகூடச் செய்யவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

என் பதற்றம்தான் பிள்ளைக்குத் தொற்றிக்கொண்டது என்று மனைவி தீர்ப்பு சொன்னாள். ஹிப்னோதெரபி செய்கிற ஒரு அம்மாவிடம் நாளும் குறித்து வைத்திருந்தாள். என்னைக் கேட்கவில்லை.

சங்கிலியில் ஆடும் கடிகாரம், கறுப்புத் திரை, துளைக்கிற கண்கள் என்று நானே ஒரு படம் ஓட்டிக்கொண்டு போனேன். மயக்கத்தில் ஏடிஎம் ரகசிய எண்ணை உளறிவிடுவேனோ என்று பயந்து, வழியெல்லாம் அதை மறக்க முயன்றேன். முயன்றதில் நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டது.

மருந்துக்கடை மாடியில் சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை விசிறி. கடிகாரம் சுவரில் தொங்கியது, அதுவும் ஓடவில்லை. அந்த அம்மா பேங்கில் பாஸ்புக் பதிந்து தருகிறவர் மாதிரி சாதாரணமாக இருந்தார்.

"நீங்க மயங்கிடல்லாம் மாட்டீங்க. நான் பேசறது முழுக்கக் காதுல விழும். உங்களுக்கு இஷ்டமில்லாததை யாரும் செய்ய வைக்க முடியாது. பிடிக்கலைன்னா எழுந்து போயிடலாம்," என்றார்.

எதையோ யோசித்தபடி ஓட்டி, வந்த வழியே நினைவில்லாமல் வீடு சேர்ந்ததுண்டா, ஏறக்குறைய அந்த நிலைதான் இது என்றார். அதற்குத்தான் நான் மாணவர்களைத் திட்டுவேன் என்றேன். சிரித்தார். ஒரே நாளில் சரியாகாது, வீட்டிலும் பழக வேண்டும், எல்லோருக்கும் பலிக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மாயமந்திரத்துக்குத் தயாராக வந்தவனிடம் வீட்டுப்பாடம் கொடுத்தால்?

கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, மனதுக்குள் ஒரு படிக்கட்டில் இறங்கச் சொன்னார். படிக்கட்டில் கைப்பிடி இல்லையே என்று குறை சொல்லிக்கொண்டே இறங்கினேன். என்னிடம் இதெல்லாம் நடக்காது என்று நினைத்த நேரத்தில், மடியிலிருந்த கைகள் நனைந்த துணி போல் கனத்துக் கிடந்தன. இப்போது மகள் கார் ஓட்டுகிறாள், நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்றார் மெதுவாக.

தடாலென்று மிதித்தேன். ஏதோ விழுந்துவிட்டதென்று மருந்துக்கடைக்காரர் மாடியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எதைப் பார்த்து மிதிச்சீங்க?"

"ரோட்டுல ஒண்ணும் இல்லைங்க," என்றேன். என் வாய் தானாகப் பேசியது. "அவ தனியாப் போறா."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அந்த அம்மா மேஜை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கால் துடித்தால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தி, மூச்சை நிதானமாக விடப் பழக்கினார். இன்னும் சில முறை போனேன். வீட்டில் தினமும் பழகினேன். பழகுகிறீர்களா, குறட்டை விடுகிறீர்களா என்று மனைவி கேட்டாள். இரண்டும்தான்.

மூன்றாவது தேர்வுக்கு முந்தைய நாள் மகளோடு கிளம்பினேன். நிறுத்தத்திலிருந்து ஒரு பஸ் திடீரென்று ரோட்டுக்குள் வந்தது. விரல்களை அழுத்தினேன், மூச்சை விட்டேன். கால் அசையவே இல்லை. வெற்றி என்று திரும்பினால், மகள் பஸ்ஸைப் பார்க்கவில்லை. என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நொடி நிமிர்ந்து, ரோட்டைப் பார்த்து, தானே பிரேக் போட்டாள். சுத்தமான பிரேக். வண்டியை ஓரங்கட்டினாள்.

"ஏம்பா முட்டியைத் தூக்கல?"

"முட்டியையா?"

"நீங்க அதைத் தூக்கினாத்தானே நான் பிரேக் போடுவேன். டெஸ்ட்லயும் அப்படித்தான். அந்த இன்ஸ்பெக்டர் சும்மா சும்மா முட்டியை ஆட்டிட்டே இருப்பாரு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊருக்கெல்லாம் ரோட்டைப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, பெற்ற பிள்ளைக்கு என் முழங்காலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இறங்கிப் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்காமல் அவளே வீடுவரை ஓட்டினாள்.

மறுநாள் பாஸானாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று காலை அவள் தனியாகக் காரை எடுத்தாள். நான் வாசலில் நின்றேன். விரல்களை அழுத்தினேன், மூச்சை விட்டேன், எல்லாம் சொன்னபடி செய்தேன்.

"காலை எடுங்க," என்றாள் மனைவி. "வாசல்ல பிரேக் இல்ல."

குனிந்து பார்த்தேன். வலது கால் படியை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டேன். கார் திரும்பி மறைந்த பிறகுதான் எடுத்தேன் என்பதை மட்டும் அந்த அம்மாவிடம் சொல்லப்போவதில்லை.