கண் மட்டத்தில் ஓர் ஆணி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்று, 'ஹாலில் உள்ள வெற்றுச் சுவரை அழகுபடுத்துவது எப்படி?' என்று என்னிடம் கட்டுரை கேட்டது. உதவி ஆசிரியை தொலைபேசியிலேயே குறிப்புகளும் கொடுத்தார். சுவர் பெரிதென்றால் படமும் பெரிதாக இருக்க வேண்டும். படத்தின் நடு, நிற்பவரின் கண் மட்டத்துக்கு வர வேண்டும். முக்கியமாக, சோகம் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். எழுத உட்கார்ந்தால், சுவருக்கு முன்னால் ஒரு மனிதர் வந்து நின்றுகொண்டார். நகர்ந்தால்தானே!

2

முதல் தொடக்கம்: "வெற்றுச் சுவர் என்பது நம் மனத்தின்..." (சே. இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்கமாட்டேன்.)

இரண்டாவது: "அந்த வீட்டில் சுவர்கள் பேசின. ஆனால் அண்ணனும் தம்பியும்..." (அடித்தாயிற்று. சுவரே பேசினால் எனக்கென்ன வேலை?)

மூன்றாவது: டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வீட்டு ஹாலில் ஒரு கோமாளிச் சுவர் இருக்கிறது. (இதுவே இருக்கட்டும்.) அது நேராகப் போய் ஜன்னலின் நடுவில் முட்டி நிற்கிறது. பாதி ஜன்னல் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஒரு காலத்தில் ஹாலின் நடுவில் சுற்றிய மின்விசிறி இப்போது சுவரோரம் பயந்து பயந்து சுற்றுகிறது. காரணம், மாஸ்டரும் அவர் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது ஹாலின் குறுக்கே எழுப்பிய சுவர் அது. தன் பக்கத்துத் தரையில் ஒரு விரல்கடைகூட விட்டுத்தர இருவருக்கும் மனமில்லை. அதனால் கொத்தனார் செங்கல்லை நீளவாக்கில் ஒற்றை வரிசையாக வைத்து, நாலரை இஞ்சில் ஒப்பேற்றிவிட்டுப் போனார்.

3

எதற்காகப் பிரிந்தார்கள்? சோஃபாவுக்காக.

புதுசாக வாங்கிய சோஃபாவை வாசலைப் பார்த்துப் போட வேண்டும் என்றார் அண்ணன். ஜன்னலைப் பார்த்துப் போட்டால்தான் காற்று வரும் என்றார் தம்பி. பேச்சு தடித்தது. அவ்வளவுதான்.

(இதைப் படித்த என் மனைவி, "சோஃபாவுக்காகவா? யார் நம்புவா? வேற நல்ல காரணமா போடுங்க" என்றாள். உயில், துரோகம், பொய்க் கையெழுத்து எல்லாம் போட்டுப் பார்த்தேன். எதுவும் இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தவில்லை. இவர்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.)

4

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.*

* மாஸ்டரின் மனைவியும் அவள் ஓரகத்தியும் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது எல்லாவற்றையும் பேசிக்கொள்வார்கள். பாகப்பிரிவினையில் சண்டை ஆண்கள் பங்குக்குப் போய்விட்டது.

அப்படித்தான் சேதி வந்தது. தம்பி தன் பாதியை விற்றுவிட்டார். வேறு ஊருக்குக் குடி போகிறார். நாளைக் காலையில் லாரி.

சுவருக்கு அந்தப் பக்கம் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம், கிர்ர்ரென்று, நாள் முழுக்கக் கேட்டது. இத்தனை வருஷம் அந்தச் சுவரை ஏறெடுத்தும் பார்க்காத மாஸ்டர், திடீரென்று அது மொட்டையாக இருக்கிறதே என்று குறைப்பட்டார். கடிகாரம் மாட்டினார். டிக் டிக்கைத் தாண்டி டேப் சத்தம் கேட்டது. கண்ணாடி மாட்டினார். அதில் தம்பி ஜாடை தெரிந்தது, கழற்றிவிட்டார். மரம் வரைந்த ஸ்டிக்கரை ஒட்டினார். மின்விசிறி சாயங்காலத்துக்குள் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டது. கடைசியில் ஆள் உயரத்துக்கு ஓர் அருவிப் படம் வாங்கி வந்தார்.

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"நாளைக்குப் போயிடுவாங்க. ஒரு வார்த்தை பேசினா கொறஞ்சா போயிடுவீங்க?"

"டிரில் எங்க?" என்றார் மாஸ்டர்.

(இங்கே எனக்கு இந்த ஆள் மேல் கோபம் கோபமாக வருகிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் 'பின்னால வர்றவனப் பாரு, கண்ணாடியப் பாரு' என்று தொண்டை வற்றக் கத்துகிறவர். இவரை எடுத்துவிட்டு ஒரு நல்ல பல் டாக்டரைப் போடலாமா என்று யோசித்தேன். ஆனால் அன்று மதியம் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. தம்பி போவது அவருக்குத் தாங்கவில்லை. அதனால் விட்டுவைத்தேன்.)

5

பத்திரிகைக் குறிப்புப்படியே நடந்தது. மாஸ்டரைச் சுவரோரம் நிற்க வைத்து, அவர் கண் மட்டத்தில் மனைவி பென்சிலால் குறித்தாள். பழைய ஆணி ஓட்டைகளை அடைக்கக் கிண்ணத்தில் வெள்ளை சிமென்ட் குழைத்தும் வைத்தாள்.

மாஸ்டர் இருப்பதிலேயே நீளமான துளைக்கும் பிட்டை டிரில்லில் மாட்டினார். மற்றச் சுவர்களெல்லாம் ஒன்பது இஞ்ச்; அந்த நினைப்பிலேயே வீம்பாக அழுத்தினார். டிரில் திடுக்கென்று உள்ளே போனது. அந்தப் பக்கம் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. வெளியே இழுத்தால், எலுமிச்சம்பழம் போகிற அளவுக்கு ஓட்டை.

டேப் சத்தம் நின்றது.

மாஸ்டர் விரல் நிறைய வெள்ளை சிமென்டை வழித்துக்கொண்டு ஓட்டையை அடைக்கப் போனார். அதற்குள் அங்கே ஒரு கண் வந்துவிட்டது. குனியவும் இல்லை, எக்கவும் இல்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே உயரம். அதை மட்டும் யாரும் பாகம் பிரிக்கவில்லை.

கண் ஹாலைச் சுற்றிப் பார்த்தது. சுவர் எழும்பி ஹால் குறுகியபின், வாசலைப் பார்த்துப் போட்டால் ஆள் நுழைய வழியில்லை என்று, சோஃபா ஜன்னலைப் பார்த்தே கிடந்தது.

"அண்ணா," என்றது அந்தப் பக்கம். "நான் சொன்ன மாதிரியே போட்டிருக்க."

மாஸ்டர் திரும்பி சோஃபாவைப் பார்த்தார்.

6

முடிவு அ: இருவரும் அழுது, சுவரை இடித்து... (வீடு விற்றாயிற்று. வாங்கியவர் என் மேல் கேஸ் போடுவார்.)

முடிவு ஆ: மாஸ்டர் ஓட்டையை அடைத்து, மேலே அருவியை மாட்டிவிடுகிறார். (உதவி ஆசிரியைக்கு இதுதான் பிடிக்கும். சுவரும் பார்க்க லட்சணமாக இருக்கும்.)

முடிவு இ: மாஸ்டர் வாயைத் திறந்து, "காத்து நல்லாத்தான்டா..."

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அந்த வாக்கியத்தை அவர்தான் முடிக்க வேண்டும். அவரோ உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கண் இன்னும் ஓட்டையிலேயே இருக்கிறது. மாஸ்டரின் விரல் நுனியில் சிமென்ட் இறுகிக்கொண்டு வருகிறது. ஆ-வா, இ-யா? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.