கொட்டிவாக்கத்து மணல்மேடு

கொட்டிவாக்கத்தில் வீடு கட்டவிருந்த மனைக்குக் கடலிலிருந்து உள்ள தூரத்தை நான்தான் அளந்தேன். “தண்ணி எங்க கீதோ அங்கேர்ந்து டேப்பைப் புடிம்மா தீபிகா,” என்றார் சர்வேயர் மகேஷ். கடல் அப்போது உள்வாங்கியிருந்தது. கடலோர விதிப்படி கட்டடத்துக்கு முன்னால் விட வேண்டிய தூரம் சரியாக வந்தது.

செவ்வாய்க்கிழமை, நான் படிக்கும் சர்வே மாலை வகுப்பில்தான், அலை ஏறும் உச்சக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும் என்று படித்தேன். அப்படியானால் மனையின் கடல் பக்கம் அடம்பங்கொடி படர்ந்திருந்த மணல்மேட்டைத் தொடவே கூடாது. நான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று மூன்று நாள் குறிப்பேட்டைச் சரிபார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மகேஷிடம் சொன்னேன்.

“நேத்தே ஜேசிபி வந்துட்ச்சே. அன்னிக்கே சொல்லிருந்தா நிறுத்திருப்பேன்,” என்றார்.

மாலையில் போனேன். மேடு இருந்த இடம் சமதளமாகியிருந்தது. பிடுங்கிப்போட்ட கொடிகளின் இலைகள் இன்னும் பச்சையாக இருந்தன. உச்சக் கோட்டிலிருந்து மறுபடி அளந்தேன். விட வேண்டிய தூரத்துக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒன்பது மீட்டர் குறைந்தது.