மஞ்சள் வயரில் பத்தரை வோல்ட்

ஒரே கம்ப்யூட்டர் ஒரே ஆண்டில் ஐந்தாவது முறை கடைக்கு வந்தால், ஒன்று அதற்குப் பேய் பிடித்திருக்க வேண்டும், இல்லை பழுது பார்ப்பவருக்குப் புத்தி மங்கியிருக்க வேண்டும். மலேசியாவின் அலோர் காஜாவில் தம்பி கிஷனோடு ரிப்பேர் கடை வைத்திருக்கும் அகல்யாவுக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது.

கம்ப்யூட்டர் தங்கா பத்து என்கிற கடலோர ஊரில் இருக்கும் சகீனாவுடையது. மகள் அதீபா அதில்தான் பூத்தையல் டிசைன் போடுகிறாள். வீட்டுப் பிழைப்பே அதுதான். முதலில் தூசி தட்டத்தான் வந்தது, கிஷன் பார்த்து அனுப்பினான். அதன் பிறகுதான் வேலை நடுவில் தானாக அணைந்து அணைந்து எழும்ப ஆரம்பித்தது. அகல்யா மெமரியை மாற்றினாள். அடுத்து ஹார்டு டிஸ்க்கை மாற்றினாள். நான்காவது முறை, எல்லா ரிப்பேர்காரரும் கடைசியில் சொல்வதைச் சொன்னாள்: "உங்க வீட்டு கரண்ட்தான் சரியில்லக்கா. கடல் பக்கம்ல, உப்புக்காத்து வயரெல்லாம் தின்னுரும்."

கடலோரத்து வீடு என்றால் போதும், பழியைக் காற்றின் மேல் போட்டுவிடலாம். காற்று வந்து மறுக்கவா போகிறது?

இந்த முறை அது கடையிலேயே, அவள் கண்முன்னே, இரண்டு தடவை அணைந்தது. கடைக்கு எங்கிருந்து வந்தது உப்புக்காத்து?

மல்டிமீட்டரை எடுத்தாள். சுவர் பிளக்கில் இருநூற்று முப்பத்தெட்டு வோல்ட், குறையில்லை. கம்ப்யூட்டர் சும்மா இருக்கையில், உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையின் மஞ்சள் வயர் சரியாகப் பன்னிரண்டு காட்டியது. அதீபாவின் கனமான டிசைன் ஒன்றைத் திறந்தாள். பதினொன்று, பத்தரை, திரை கறுத்தது. வேறொரு பவர் சப்ளையை மாட்டி அதே டிசைனை இரண்டு மணி நேரம் ஓடவிட்டாள். ஒரு தடவைகூட அணையவில்லை.

இத்தனை நாள் அவள் சப்ளையைச் சந்தேகப்படாததற்குக் காரணம் இருந்தது. போன ஆண்டு அவளே பார்த்துப் பார்த்துப் போட்டது. அவள் கையெழுத்திட்ட வாரண்டி ஸ்டிக்கரும் கிழியாமல் இருந்தது. இப்போது கழற்றித் தூக்கினால் காலி பிஸ்கட் டின் மாதிரி லேசாக வந்தது. அவள் போட்டது இதல்ல.

ஸ்டிக்கர் மட்டும் அவளுடையது. திங்கள்தோறும் இருபது ஸ்டிக்கரில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத் தம்பியிடம் கொடுத்துவிடுவாள், தான் இல்லாதபோது வேலை நிற்கக் கூடாதே என்று. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். ஆனால் கூடப்பிறந்தவனை யார் பூனை என்று நினைப்பார்கள்?

மத்தியானம் கிஷன் சாப்பாடு வாங்கி வந்தான், அவளுக்குப் பிடித்த மீன் கறியோடு. அவள் அந்த லேசான சப்ளைப் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"இத எப்ப மாத்துன?"

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"கிளீனிங்குக்கு வந்துச்சுல, அப்ப. கேம் விளையாடற பசங்க நல்ல சப்ளைக்கு அலையறானுங்கக்கா, ஒருத்தனுக்கு வித்துட்டேன். இவங்க வெறும் தையல் டிசைன்தான, தாங்கும்னு நெனச்சேன் லா."

"ஹார்டு டிஸ்க் போனப்ப பக்கத்துலதான ஒக்காந்திருந்த? நான் மண்டைய ஒடச்சிக்கிட்டு இருந்தேன். பாத்துக்கிட்டே இருந்தியா?"

"சொன்னா திட்டுவ. அப்புறம் நீயே வீட்டு கரண்ட்னு சொல்லிட்ட. சரி, முடிஞ்சதுன்னு விட்டுட்டேன்."

கடைச் சாவியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டுப் பொட்டலத்தை அவள் தொடவே இல்லை.

அன்றே நல்ல சப்ளை ஒன்றைப் போட்டுக் கம்ப்யூட்டரைத் தங்கா பத்துக்குக் கொண்டுபோனாள். அதீபா மேசைமேல் வைத்து வயர்களைச் சொருகினாள். அவள் சுவிட்சைத் தொடுவதற்கு முன், யாரும் சொல்லாமலே சகீனா எழுந்து ஃபேனை நிறுத்தினார். பிறகு அடுப்படிக்குப் போய் ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கினார். அதீபா ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க்கா எல்லாத்தையும் அடைக்கிறீங்க?"

"கரண்ட் பத்தலன்னு நீதான சொன்ன. இவ வேல செய்யறப்ப வேற எதுவும் போடறதில்ல. மூணு மாசமா இப்படிதாம்மா."

அகல்யா ஃபேன் சுவிட்சைக் காட்டினாள். "போடுங்கக்கா. உங்க வீட்டு கரண்ட்ல ஒரு கொறையும் இல்ல. என் தம்பி நல்ல சாமான எடுத்துட்டு மட்டமானத வச்சிட்டான். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

சகீனா ஃபேனைப் போடவில்லை.

"தம்பி செஞ்சத தம்பிகிட்ட கேட்டுக்கம்மா. வீட்டு கரண்ட்தான்னு அவ்வளவு உறுதியா சொன்னியே, நீ வந்து பாத்தியா?"

அகல்யா அந்த வீட்டுக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை. வழியைக்கூடப் போனில் கேட்டுக் கேட்டுத்தான் வந்திருந்தாள்.