இரண்டு வால்

இடுப்பு நிமிரவில்லை. நேற்று இரண்டு லாரி டைல்ஸ் பெட்டி இறக்கிய இடுப்பு. இன்று ஞாயிறு, லீவு என்று பேர்தான். காலை எட்டு மணியிலிருந்து மேசைக்கடியில் மண்டி போட்டுக் கிடக்கிறேன். எதிரே எங்கள் பழைய கம்ப்யூட்டர், பக்கத் தகடு கழற்றி, வயிறு திறந்து நிற்கிறது. உள்ளே செகண்ட் ஹேண்டில் வாங்கி மாட்டிய கிராபிக்ஸ் கார்டு. அதன் விசிறி ஜோராகச் சுற்றுகிறது. திரையில்தான் ஒன்றுமில்லை.

பின்னால் மனைவி இருமினாள். ஒன்பது வருஷம் மரப்பட்டறையில் உப்புத்தாள் தேய்த்த இருமல். இனியும் அந்தத் தூசிக்குள் போனால் நுரையீரலை மறந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. அலமாரி செய்யும் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே படம் வரைகிற வேலைக்கு அவளுக்கு ஒரு சோதனை வைத்திருந்தது. ஒரு சமையலறை, எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரிகிற மாதிரி வரைந்து மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நாளைக் காலை மறுபடி பட்டறை. அந்த வரைபட புரோகிராமோ, இந்தக் கார்டு இல்லாமல் திறக்கவே மாட்டேன் என்கிறது.

ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அவரை எல்லோரும் ‘ஸ்க்ரூ’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியூரில் இருந்தார்.

“மானிட்டர் வயரை எதுல சொருகியிருக்க?”

“எப்பவும் சொருகுற எடத்துலதான்.”

“விளங்கிரும். கார்டு ஒண்ணு புதுசா வாங்கிட்டு வயரைப் பழைய ஓட்டையில சொருகுனா படம் எங்கேர்ந்து வரும்? கார்டுல சொருகுப்பா.”

மாற்றினேன். இருட்டுதான். பெட்டி மட்டும் கத்தியது: ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப்.

“கார்டுக்குக் கரண்டு பத்தலைன்னு அழுவுது. அது தலையில ஆறு பின் ஓட்டை இருக்கா? உன் பவர் சப்ளையில, அதான் கரண்டு குடுக்குற டப்பாவுல, அதுக்கு வயர் இருக்காது, பழசு. கன்வெர்ட்டர்னு ஒண்ணு விக்கும், வாங்கிக்கோ. அதுக்கு ரெண்டு வால். ரெண்டையும் வேற வேற வயர்ல மாட்டு. கேக்குதா? வேற வேற.”

“கேக்குது.”

கேட்கத்தான் செய்தது. வாங்கி வந்தபோது மணி பன்னிரண்டரை. ஞாயிறு அரைநாள்தான் என்று பார்ட்ஸ் கடைக்காரன் எனக்குப் பின்னாலேயே ஷட்டரை இழுத்துவிட்டான். முதல் வால் சுலபமாக மாட்டியது. இரண்டாவதற்கான வயர் சிடி டிரைவுக்குப் பின்னால் கட்டுக்குள் கிடந்தது. என் கை டைல்ஸ் தூக்குகிற கை, அந்தச் சந்தில் நுழையவில்லை. முதல் வயரிலேயே இன்னொரு சொருகு சும்மா தொங்கியது. அதில் மாட்டிவிட்டேன்.

படம் வந்தது!

“வந்துடுச்சுங்க!” என்று கத்தியதில் அவளுக்கு இருமல் பிய்த்துக்கொண்டது. இருமிக்கொண்டே உட்கார்ந்தாள். புரோகிராம் திறந்தது. ஒன்றரை மணி நேரம் வரைந்தாள். சமையலறையை முதல்முறை சுழற்றிப் பார்த்தாள். கார்டு விசிறி ஊளையிட்டது. ரப்பர் கருகும் நாற்றம். பட்டென்று எல்லாம் அணைந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே பார்த்தேன். இரண்டு வாலும் மாட்டிய அந்த ஒற்றை வயர் உருகி வழிந்திருந்தது. பவர் சப்ளையை முகர்ந்தாலே தெரிந்தது, போய்விட்டது. ‘ஒரு பலகையில ரெண்டு பேர் ஏறாதீங்கடா.’ லோடு இறக்கப் புதிதாக வருகிறவனுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை அது.

“வேற வேறன்னு அவர் சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு,” என்றாள் மனைவி. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மணி மூன்று.

மாடியில் என் தங்கை குடியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வார்டில் உதவியாள். டியூட்டி முடியும்வரை போன் லாக்கரில் இருக்கும். இரண்டு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. அவளிடமும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு, நானூற்றைம்பது வாட் பவர் சப்ளையோடு. நர்ஸ் படிப்பின் கடைசிப் பரீட்சையை நாளைக் காலை ஒன்பது மணிக்கு அதில்தான் எழுதப்போகிறாள்.

“கார்டைத் தூக்கி அவ பெட்டியில போட்டா?”

“புரோகிராமுக்கு இந்த ஒரு பெட்டிக்குத்தாங்க அனுமதி குடுத்திருக்காங்க.” கண்ணால் மாடியைக் காட்டினாள். “கேக்காம எடுக்காதீங்க. அவ பரீட்சை.”

“ராத்திரிக்குள்ள திரும்ப மாட்டிடுறேன். அவளுக்குத் தெரியவே தெரியாது.”

மாற்றுச் சாவி எங்களிடம் இருந்தது. திருடன் மாதிரி ஏறினேன். நாலு திருகாணி. பவர் சப்ளையைத் துண்டில் சுற்றி இறக்கினேன். அதில் ஆறு பின் வயர் தனியாகவே இருந்தது. மாட்டிவிட்டுச் சுவிட்சில் விரல் வைத்தேன். கார்டும் கருகியிருந்தால்?

படம் வந்தது. அவள் பாதி வரைந்தது அப்படியே இருந்தது. நான் சுவரில் சாய்ந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கையில் அனுப்பினாள்.

ஐந்தரைக்குப் பதில் வந்தது. வாய்விட்டுப் படித்தாள்: “வேலை சுத்தம். நாளைக் காலை எட்டு மணிக்கு அடுத்ததை அனுப்புகிறோம். பதினொன்றுக்குள் வேண்டும். அதையும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம்.”

எட்டிலிருந்து பதினொன்று. நடுவில் ஒன்பது, தங்கையின் பரீட்சை. பார்ட்ஸ் கடை திறப்பது பத்துக்கு.

நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். அவள் பவர் பட்டன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

ஆறே காலுக்குப் படியில் செருப்புச் சத்தம். “அண்ணே, ரெண்டு தடவை கூப்பிட்டிருந்தியே, என்ன?” மேலே ஏறிக்கொண்டே கேட்டாள். “நாளைக்குப் பரீட்சை, மறந்துட்டியா? காலையில அண்ணிய சத்தமா இரும வேணாம்னு சொல்லு.” சிரித்தாள். பூட்டில் சாவி திரும்பியது.

தங்கைக்கு நானூற்றைம்பது வாட் பவர் சப்ளை ஒன்று பாக்கி.