பத்து சென்ட் பலும்போ

1974 மார்ச்சில், இந்தியானா மாநிலத்து வாபெக் ஊரில், வெல்மா டீட்ஸின் சமையலறை மேசைமேல் இருந்த, ஆட்டக்காரர் படம் அச்சிட்ட ஐந்து சென்ட் பேஸ்பால் அட்டையிலிருந்து ஒரு பந்துவீச்சாளர் இறங்கிப் போனார். அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் அவர் கைகளைத் தலைக்கு மேல் கொண்டுபோய், முழங்காலைத் தூக்கி, கையைப் பின்னால் இழுத்து, பந்தை வீசி முடித்திருந்தார். மறுநாள் காலை அட்டையில் புல்லும், அவர் நின்று வீசிய, இப்போது ஆளில்லாத மண்மேடும், கீழே அவருடைய பெயரும் மட்டும் இருந்தன. இரண்டு நாள் கழித்துச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்க மூலையில் நான்கு வரி வந்தது. டெக்சாஸில் அவர் இறந்துவிட்டார். வெல்மா அந்த நான்கு வரியை வெட்டி அட்டைக்குப் பின்னால் செருகிவிட்டு, அவரைக்காயை உரிக்கப் போனாள். 1991க்குள் அறுபத்து மூன்று அட்டைகள் இப்படிக் காலியாயின. மட்டையாளர்கள், யாரும் வீசாத பந்துக்கு மட்டையைச் சுழற்றிவிட்டுப் போனார்கள். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். மெதடிஸ்ட் பாதிரியார் ஒருமுறை வந்து மூன்று காலி அட்டைகளைப் பார்த்தார், காபி குடித்தார், செர்ரி கேக் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அட்டைக்கடை வைத்திருந்த டூயி கைஸ்லர் மட்டும் பதறிப்போய்த் தன் பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தான். நாற்பத்தொரு அட்டைகளில் ஆள் இல்லை. பல வருடமாக அவற்றைப் பத்து சென்ட்டுக்கு விற்றுக்கொண்டிருந்திருக்கிறான்.

“ஒருத்தர்கூடத் திருப்பிக் கொண்டு வரலையே, மிஸஸ் டீட்ஸ்,” என்றான். “பத்து சென்ட் அட்டையை யார் பார்க்கறா? உங்களைத் தவிர.”

வெல்மா பார்ப்பாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள், வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்து ஒரு டாலருக்கு அட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். நட்சத்திரங்கள் அவளுக்கு வேண்டாம். மட்டையாளருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கும் கேட்சர்களில் மூன்றாவது ஆள், பாதிப் பருவத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், பெயரைக் கேட்டால் யார் என்று கேட்க வைக்கிறவர், இவர்கள்தான் வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதை ரொட்டி கடித்துக்கொண்டே படிப்பாள். குளிர்காலத்தில் தச்சுவேலை செய்கிறார். முயல் வளர்க்கிறார். வாத்து சுடுவார். யாராவது இதற்கெல்லாம் என்ன விலை வரும் என்று கேட்டால், வராது என்று சொல்லுவாள். ஒன்பது பைகள் தைத்த பிளாஸ்டிக் தாள்களில் அவர்களை அடுக்கி வைத்திருந்தாள். 1983இல் ஒன்றைக் கவனித்தாள். ஒரே தாளில் அடுத்தடுத்து இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதிலிருந்து சண்டைக்காரர்களைத் தனித்தனித் தாள்களில் வைத்தாள்.

அவள் கணவன் ஆர்லனுக்கும் ஓர் அட்டை உண்டு. கேஸ் சிலிண்டர் லாரி ஓட்டுவதற்கு முன்னால் அவன் நாட்டின் முதல்தர அணிகள் ஆடும் பெரிய லீகில் பதினோரு ஆட்டம் பந்து வீசியிருக்கிறான். 1959ஆம் வருடத்து அட்டையில் கையுறையை மார்போடு அணைத்துக்கொண்டு, காது விடைத்த முகத்தோடு நிற்பான். பதினோராவது ஆட்டத்தில் விக் பலும்போ என்பவன் மட்டையோடு வந்தான். சராசரி ஆயிரத்துக்கு இருநூற்று மூன்று. அதாவது ஐந்து தடவை வந்தால் ஒரு தடவை அடிப்பவன். ஆனால் பந்து வரும் நேரம் பார்த்து, மட்டையாளர் நிற்கும் வெள்ளைக்கோட்டுக் கட்டத்தை விட்டு வெளியே வருவான். பெல்ட்டை இறுக்குவான். கையில் மண்ணைத் தேய்ப்பான். மறுபடி உள்ளே போவான், மறுபடி வெளியே வருவான். அன்று ஒரே பந்துக்கு ஏழு முறை வெளியே வந்தான். எட்டாவது முறை ஆர்லன் பல்லைக் கடித்துக்கொண்டு வீசியதை அரங்கத்துக்கு வெளியே அடித்தான். பலும்போவின் வாழ்க்கையில் அது ஒரே ஹோம் ரன். ஆர்லனை மறுநாள் காலை அணியிலிருந்து நீக்கி ரயிலேற்றிவிட்டார்கள். அந்தப் பெயர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஆர்லன் சொன்னான், வெல்மா வாக்குக் கொடுத்தாள். கட்டுகளுக்குள் கலந்து வந்த பலும்போக்களை, மொத்தம் பதினொன்று, தெருப் பிள்ளைகளிடம் கொடுத்தாள். அவர்கள் துணி கிளிப்பால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டி, கம்பிகளில் படபடவென்று அடிக்க விட்டுத் தேய்த்துத் தீர்த்தார்கள். ஆர்லன் வாசலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை ரசித்துக் கேட்பான்.

1991 செப்டம்பர் ஐந்தாம் தேதி ஆர்லனின் அட்டையில் கைகள் தலைக்கு மேல் இருந்தன. எட்டாம் தேதி முழங்கால் தூக்கியிருந்தது.

வெல்மா பள்ளி நோட்டைத் திறந்தாள். அறுபத்து மூன்று பேரின் நாட்களும் அதில் இருந்தன. பந்துவீச்சாளர்களுக்கு முழங்கால் தூக்கியதிலிருந்து பந்து கைவிட்டுப் போக ஒன்பது நாள் ஆகும், சிலருக்குப் பதினொன்று. ஒருவருக்கும் பன்னிரண்டு ஆனதில்லை. அடுத்த அறையில் ஆர்லன் இருமிக்கொண்டிருந்தான். லாரியிலிருந்து இறங்கினால் இரண்டு நிமிடம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று அவன் முதலாளி சொல்லியிருந்தார். அவள் நோட்டை மூடினாள். இரவுச் சாப்பாட்டுக்கு மக்காச்சோளம் வேகவைத்தாள்.

முதலில் அட்டைக்காரர்கள் எல்லோரும் செய்யும் தவறைச் செய்தாள். விலை உயர்ந்த அட்டைகளை நான்கு மூலையிலும் திருகாணி வைத்த தடித்த பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து இறுக்குவார்கள். அட்டை அசையாது, அதற்குள் எதுவும் போகாது. டூயியிடம் ஒன்று வாங்கி வந்து, ஆர்லனை உள்ளே வைத்து, நான்கு திருகாணிகளையும் கை வலிக்கும்வரை திருகினாள். முழங்கால் நின்றது. ஆனால் உண்மையான ஆர்லன், நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தவன், பக்கம் புரட்டத் தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டான். கண் மட்டும் அவளைப் பார்த்தது. உதடு நீலமாகியது. ஸ்க்ரூ டிரைவர் கைநழுவி அடுப்புக்கு அடியில் ஓடிவிட்டது. வெல்மா இறைச்சி தட்டும் சுத்தியலால் பெட்டியை உடைத்தாள்.

“என்னடி சத்தம்?” என்று மூச்சு வாங்கிக்கொண்டு ஆர்லன் கேட்டான்.

“எலி.”

பெட்டி நிறுத்திவைத்ததற்கு ஈடாகப் பல நாள் ஒன்றாக ஓடியதுபோல முழங்கால் இன்னும் மேலே போயிருந்தது. அதன்பிறகு அவனுக்கு எதிரில் மட்டையாளர்களை வைத்துப் பார்த்தாள். தாளின் இடப்பக்கப் பையில் ஆர்லன், நடுப்பையில் ஒருவர் மாற்றி ஒருவர். எல்லோரும் நல்ல ஆட்டக்காரர்கள். மட்டையைத் தோளில் சாய்த்து, மரியாதையாகக் காத்து நின்றார்கள். ஆர்லனின் கை பின்னால் போக ஆரம்பித்தது. பன்னிரண்டாம் தேதி மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது வெல்மாவுக்கு விளங்கியது. வீசப்போகும் ஆர்லன் டீட்ஸை நிறுத்திவைக்கத் தெரிந்தவன் இந்த உலகத்தில் ஒரே ஒருவன்தான். அவனைப் பதினொரு முறை சைக்கிள் சக்கரத்துக்குக் கொடுத்தவள் அவள்தான்.

“பலும்போவா?” என்றான் டூயி. “அவனை எதுக்கு? எங்கிட்ட இருந்ததெல்லாம் போன வருஷம் குப்பைக்குப் போயிடுச்சு. பெட்டியில அவன் இருந்த இடத்துல இன்னொருத்தனை நிறுத்தலாம்னுதான்.”

அந்த வருடம் நாடே அட்டைப் பைத்தியமாக இருந்தது. ஐநூறு டாலர் அட்டை வேண்டும் என்றால் தெருவுக்கு ஒன்று கிடைக்கும். பத்து சென்ட் அட்டையை யாரும் பத்திரப்படுத்தவில்லை. வெல்மா வாரன் ஊருக்கும் ஹண்டிங்டனுக்கும் கார் ஓட்டிப் போனாள். மூன்று கடைகளில் சிரித்தார்கள். பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஃபோர்ட் வேன் நகரில் ஒரு மோட்டல் ஹாலில் அட்டைச் சந்தை. காலையில் ஆர்லன் படுக்கையிலிருந்து எழவில்லை. அட்டையில் அவன் விரல்கள் பந்தின் தையலைப் பிடித்திருப்பது தெரிந்தது. பக்கத்து வீட்டு நர்ஸை அவனருகே உட்காரவைத்துவிட்டு, அட்டைத்தாளைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். சிவப்பு விளக்குகளில் அதைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

ஹாலில் அறுபது மேசைகள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நட்சத்திரங்கள், அவர்களுக்கு மேலே குழல்விளக்கு. ஐம்பத்தெட்டு மேசைகளில் கேட்டாள். ஐம்பத்தொன்பதாவது மேசையில் தொப்பையன் ஒருவன் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

“பலும்போ இருக்கா?”

“மேடம், இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பலும்போவைக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான். அவங்க அம்மாவா?”

அவள் பார்வை மேசைமேல் ஓடியது. அவன் முழங்கை அருகே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு இருந்தது. விலையுள்ள அட்டைகளைக் கட்டினால் ரப்பர் விளிம்பைக் கடித்துவிடும், அதனால் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் உதவாத அட்டையை வைத்துக் கட்டுவார்கள். கட்டுக்கு மேலே, இரண்டு பக்கமும் விளிம்பில் பள்ளம் விழுந்து, விக் பலும்போ பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தான்.

“அதைக் கொடுங்க.”

“கட்டோடயா? அறுநூறு டாலர்.”

“மேல இருக்கறதை மட்டும்.”

அவன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். “சும்மா எடுத்துக்கோங்க மேடம். அது வெறும் காவல்காரன்.”

வெல்மா பத்து சென்ட் நாணயத்தை மேசைமேல் வைத்தாள். வாங்கியதாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. அங்கேயே, தொப்பையனின் கடுகு சாஸ் கறைகளுக்கு நடுவில் தாளை விரித்தாள். ஆர்லனின் கை முழுதும் பின்னால் போய், உடல் முன்னால் சாயத் தொடங்கியிருந்தது. நடுப்பையில் இருந்த நல்ல ஆட்டக்காரரை உருவி எடுத்தாள். பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டது. பள்ளம் விழுந்த விளிம்பு சிக்கியது. நகத்தால் விரித்து பலும்போவை உள்ளே தள்ளினாள். அவன் ஆர்லனைப் பார்த்தான். கட்டத்துக்குள் போனான். பிறகு ஒரு கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

வீச ஆரம்பித்தபிறகு அப்படி வெளியே வர விதியில் இடமில்லை. ஆனால் அந்தத் தாளில் அம்பயர் யாரும் இல்லை. ஆர்லனின் முழங்கால் இறங்கியது. அவன் மேட்டிலிருந்து விலகி வந்து மண்ணை உதைத்தான். காது சிவந்திருந்தது.

வெல்மா வீடு வந்தபோது ஆர்லன் சமையலறையில் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். நர்ஸ் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“யாரைக் கூட்டிட்டு வந்திருக்க?” என்று கத்தினான். “பன்னண்டு மணியிலிருந்து எனக்கு ஒரு பயலைக் கழுத்தை நெரிக்கணும்போல இருக்கு!”

“உட்காந்து சாப்பிடு.”

“வாக்குக் கொடுத்த, வெல்.”

“கொடுத்தேன். இப்ப எடுத்துக்கிட்டேன்.”

அவன் எட்டு நாள் அவளோடு பேசவில்லை. நோட்டில் யாருக்கும் இல்லாத பன்னிரண்டாவது நாளும் வந்து போனது. அந்தத் தாள் பிறகு குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டப்பட்டது. பலும்போவுக்கு அந்தப்பக்கம், வலப்பக்கப் பையில், காலியாக இருக்க வேண்டாம் என்று, ஹெர்ப் நோல்டி என்ற மூன்றாவது கேட்சரை வெல்மா வைத்தாள். குந்தி உட்கார்ந்து, ஒன்றும் இல்லாத கையுறையை விரித்துப் பிடித்திருப்பார். அவரைப் பார்ப்பதற்கு அவளுக்குப் பிடிக்கும். பலும்போ தினமும் வெளியே வந்தான். பெல்ட், மண், தொப்பி, மறுபடி பெல்ட். ஆர்லன் காபி குடிக்க வரும்போது அட்டைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான், இருந்தும் கழுத்து சிவக்கும். அந்தக் கோபத்தில் ஒன்பது வருடம் வாழ்ந்தான். கூரைக்கு ஓடு மாற்றினான், இரண்டு நாய்களைப் புதைத்தான், சிகரெட்டை விட்டான். வெல்மா பென்சில்வேனியாவில் பந்துருட்டும் கூடம் வைத்திருந்த பலும்போவுக்குக் கிறிஸ்துமஸ்தோறும் வாழ்த்து அனுப்பி உடம்பு எப்படி என்று கேட்பாள். 1996இல் பதில் வந்தது. இரண்டு தடவை நெஞ்சடைப்பு வந்ததாகவும், ஏன் சாகவில்லை என்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை என்றும், அவள் வீட்டுக்காரர் அந்தப் பந்தை இன்னும் மறக்கவில்லையா என்றும் எழுதியிருந்தான். எதிரில் ஆர்லன் நிற்கும்வரை, அவன் வீசாமல் பலும்போவும் மட்டையைச் சுழற்றிவிட்டுப் போக முடியாது. வெல்மா அதைப் பலமுறை யோசித்தாள், எழுதவில்லை.

2000 மே மாதம் பதினேழாம் தேதி காலை பலும்போ கட்டத்துக்குள் போனான். வெல்மா பால் எடுக்கக் கதவைத் திறந்தாள், மூடினாள். அவன் வெளியே வரவில்லை. மட்டையைத் தோளிலிருந்து எடுத்தான். பெல்ட்டைத் தொடவில்லை. அவனை உருவினால் ஆர்லன் ஆளில்லாத கட்டத்துக்கு வீசுவான். விட்டால் இவனுக்கு வீசுவான். அவள் தாளைக் காந்தத்திலிருந்து எடுத்து, ஒன்பது வருடத்தில் முதல்முறையாக ஆர்லன் முன்னால் வைத்தாள். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிறைய நேரம் பார்த்தான்.

“கிழவனாயிட்டான்,” என்றான்.

“அட்டையில அவனுக்கு இருபத்தாறு வயசு.”

“நிக்கற விதத்தைச் சொல்றேன்.” தாளை நேராக வைத்தான். “அன்னிக்குக் கேட்சர் பந்தைத் தாழ்வா போடச் சொல்லி சைகை காட்டினார், வெல். நான் மாட்டேன்னு தலையை ஆட்டிட்டு மேல போட்டேன். யார்கிட்டயும் சொன்னதில்ல.”

“எனக்குத் தெரியும். தூக்கத்துல தலையை ஆட்டுவ.”

அவன் போய்ச் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அட்டையில் கைகள் தலைக்கு மேல் போயின. இந்த முறை நாட்கள் ஆகவில்லை. முழங்கால் எழுந்தது. வெல்மா அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டாள், வலது கை அவனுக்கு வேண்டியிருக்கும் என்று.

“எங்க போடட்டும்?” என்றான்.

“தாழ்வா.”

அவன் தலையை ஆட்டவில்லை.

செய்தித்தாளில் இரண்டு பெயர்களும் ஒரே நாளில் வந்தன, பலும்போவுக்கு ஒரு வரி கூடுதலாக. இடப்பையில் மண்மேடும், நடுப்பையில் வெள்ளைக்கோடு போட்ட கட்டமும் இருந்தன. அடக்கத்துக்கு வந்த டூயி குளிர்சாதனப் பெட்டி முன்னால் கையில் ஹாம் தட்டோடு நின்று, வலப்பக்கப் பையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். ஹெர்ப் நோல்டியின் கையுறை மூடியிருந்தது, மண்ணை ஒட்டி, தாழ்வாக. விரல்களுக்கு நடுவில் பந்தின் வெள்ளை தெரிந்தது. அவன் கடைக்குப் போய்த் தன்னிடமிருந்த நோல்டிகளை எடுத்துப் பார்த்தான். ஆறிலும் பந்து இருந்தது. அவற்றைப் பத்து சென்ட் பெட்டியில் திரும்ப வைத்தான். நாடெங்கும் உள்ள நோல்டி அட்டைகளில் அது இப்போதும் இருக்கிறது. இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.