ஸ்டாப் இல்லாத இடம்

கட்டிய புருஷன் ஓட்டுகிற பஸ் தினமும் காலையில் என்னைத் தாண்டி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் தெருமுனையில் கைப்பையோடு நிற்பேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போவார்.

எங்கள் தெருமுனை ஸ்டாப்பை எடுத்துவிட்டார்கள். நகராட்சி சாலையோரமாக நடைபாதையும் சைக்கிள் பாதையும் போட்டது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் சைக்கிள் மேல் போய் விழக்கூடாதாம், அதனால் ஸ்டாப் அடுத்த சந்திப்புக்குப் போய்விட்டது. என் முழங்காலுக்கு அந்த அடுத்த சந்திப்பு அடுத்த ஊர்.

முன்கூட்டியே கிளம்பலாமே என்று யாரும் சொல்ல வேண்டாம். வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் வந்த பிறகுதான் நான் செருப்பையே தேட முடியும். எனக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. காலையில் விரிப்புகள் இயந்திரத்திலிருந்து வெளியே வரும்போது மடிக்க ஆள் இல்லையென்றால் மலையாகக் குவிந்துவிடும். "இப்படியே லேட்டா வந்தீங்கன்னா ராத்திரி ஷிஃப்டுக்கு மாத்திடுவேன்" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்குக் காலை ஷிஃப்ட், எனக்கு ராத்திரி என்றால் அப்புறம் நாங்கள் என்ன குடும்பம்? ஒரே கட்டிலில் மாறி மாறித் தூங்குகிற இரண்டு பேர்.

வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். "தெருமுனையில ஒரு நிமிஷம் நிறுத்தினா என்ன குறைஞ்சிடும்?"

"உனக்கு நிறுத்தினா நாளைக்கு எல்லாருக்கும் நிறுத்தணும். சட்டம்னா சட்டம்தான்."

"உங்க அப்பாவைப் பாத்துக்கிட்டுத்தான் லேட்டாகுது."

"அது வேற, இது வேற" என்று கை கழுவ எழுந்துவிட்டார். எனக்கு மாரடைப்பே வந்தாலும் ஸ்டாப்பில் வந்து விழச் சொல்கிற மனுஷன்.

அந்தக் கோபத்தையெல்லாம் நகராட்சிக் கூட்டத்தில் கொட்டினேன். "நடக்கறதுக்கும் சைக்கிளுக்கும்னு ஊர்ப் பணத்தை எறைக்கிறீங்க. எங்க ஸ்டாப்பை யாரைக் கேட்டுப் பிடுங்கினீங்க?" நல்ல கைதட்டல். பொறியாளர் என் மகள் வயதுப் பெண். மறுத்துப் பேசுவாள் என்று நினைத்தேன்.

"நீங்க சொல்றது நியாயம்தாம்மா. ஸ்டாப் விஷயத்துல நாங்க யோசிக்காம விட்டுட்டோம். சரி பண்ண மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் அந்தப் பாதை உங்களுக்கும்தான்" என்றாள்.

சைக்கிளே ஓட்டத் தெரியாதவளிடம் என்ன பேச்சு இது என்று எனக்குச் சுருக்கென்றது. நாத்தனாரிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி, என் சைக்கிள் சும்மாதான் கிடக்கு. பாதையும் இன்னும் திறக்கல. பெரிய மனுஷங்க தேதி குடுக்கற வரைக்கும் அது நம்ம பாதைதான்" என்றாள்.

திறப்பு விழா தள்ளிப்போகிறதே என்று ஊரே திட்டியது. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் டூட்டியில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், தடுப்புகளுக்குப் பின்னால், நாத்தனார் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வருவாள். "முன்னால பாருங்க அண்ணி. சக்கரம் எங்கயும் ஓடிப் போயிடாது." விழுவதுகூடப் பரவாயில்லை, நாத்தனார் பார்க்க விழுவதுதான் கொடுமை. ஆனாலும் சொல்ல வேண்டும், அண்ணனிடம் அவள் மூச்சுவிடவில்லை. புதுப் பாதை வழுவழுவென்று இருந்தது. ஒரு கடைசி முதல் மறு கடைசி வரைக்கும் மிதித்துப் போனபோது என் முழங்கால் வாயே திறக்கவில்லை. இறங்கி நின்று அழுதுவிட்டேன்.

பாதை திறந்த மறுநாள் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பினேன். ஆஸ்பத்திரிக்குச் சற்று முன்னால் பாதை சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போகிறது. அங்கே ஒரு பொத்தானை அமுக்கினால் மற்ற வண்டிகளுக்குச் சிவப்பு விழும். அமுக்கினேன். கோட்டுக்கு முன்னால் ஒரு பஸ் வந்து நின்றது. உள்ளே அவர்.

என்னைப் பார்த்தார். கம்பத்தைப் பார்க்கிற பார்வை இல்லை அது. அந்தப் பார்வையில்தான் எல்லாம் கெட்டது. நடுச்சாலையில் ஹேண்டில் ஆடியது, சைக்கிளோடு சரிந்தேன். முழங்கை தேய்ந்தது. கைப்பை வார் பெடலில் சுற்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதற்குள் அவருக்குப் பச்சை விழுந்துவிட்டது. பின்னாலிருந்த கார்கள் ஹாரனில் கை வைத்தன.

"டிரைவர், பச்சை விழுந்துடுச்சு, வண்டியை எடுங்க" என்று பஸ்ஸுக்குள் யாரோ கத்தினார்கள்.

"பாதையில ஆள் இருக்காங்க" என்ற அவர் குரல் திறந்த ஜன்னல் வழியாகக் கேட்டது.

இறங்கி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். வண்டியில் ஆட்கள் இருக்கும்போது சீட்டை விட்டு எழக்கூடாது, அதுவும் சட்டம். ஆனால் பஸ் இம்மியும் நகரவில்லை. சாலையை அடைத்துக்கொண்டு, அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு நின்றது. பச்சை போய் மறுபடி சிவப்பே வந்துவிட்டது. நான் வாரை விடுவித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன்.

மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார், என் முழங்கையைப் பார்த்தார். "மருந்து போட்டுட்டு வாங்க. நேரம் இருக்கு" என்றார்.

சாயங்காலம் வீட்டில் அவர் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது.

"எனக்காகச் சட்டத்தை மீறிட்டீங்க போல."

"மீறல. ஆள் கடக்கும்போது பச்சையா இருந்தாலும் நிறுத்தணும். அதான் சட்டம்."

"வேற யாராவது விழுந்து கிடந்தாலும் நிறுத்தியிருப்பீங்களா?"

"நிறுத்தியிருப்பேன்."

பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று ஒரு நொடி மனசு சுருங்கியது. பிறகு அதுவும் சரிதான் என்று பட்டது. தெருமுனையில் நான் கேட்டது தயவு. இன்று சாலை நடுவில் கிடைத்தது என் பங்கு. யாரென்று தெரியாத ஒருத்தி விழுந்திருந்தாலும் அவளுக்கும் அதே பங்கு உண்டு.

எழுந்து உள்ளே போகப் போனேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"யாரா இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். ஆனா பிரேக்கு மேல வெச்ச கால் அப்படி நடுங்கியிருக்காது."